சர்பத் குடத்தைத் துரத்தி உசிலம்பட்டி வரை

மதுரை காளவாசல், காலை எட்டு மணி. உசிலம்பட்டி பஸ்ஸுக்காக நான் நின்ற இடத்தில் நிழல் என்று சொல்ல ஒரு விளம்பரத் தட்டிதான் இருந்தது. வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, வெயிலிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் டீக்கடையைப் பற்றியும் எதிர்வரிசைப் பூக்கடையைப் பற்றியும் எழுதியிருப்பேன். அன்று எதுவும் கண்ணில் படவில்லை. பஸ் வரும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரரின் தங்கை செல்வி. அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது, அன்றைக்குக் காதுகுத்து. உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலை ரோட்டில் ஏழு கிலோமீட்டரில் ஒரு கல்யாண மகால். தாய்மாமன் என்ற முறையில் என் வீட்டுக்காரர்தான் சீர் கொண்டு போக வேண்டும், அவர் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சீர்த் தட்டுகளையும் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வேன் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டது. எனக்கு வேன் ஆகாது. ஏறி உட்கார்ந்தால் நாகமலை வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் வழக்கம்போல, "நீங்க போங்க, நான் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு, குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, ஏழரை மணிக்கு அடுப்படிக்குள் போனேன். அங்கேதான் என் உயிர் போனது.

மூன்று நாளாக நன்னாரி சர்பத்துக்குப் பாகு காய்ச்சி வைத்திருந்தேன். கோடைக் காலத்து விசேஷம், வருகிறவர்களுக்குக் கலர் பாட்டில் கொடுப்பதைவிட வீட்டில் காய்ச்சிய சர்பத் கொடுத்தால் மரியாதை என்று நான்தான் சொன்னேன். நன்னாரி வேரைத் தட்டினால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு வரும், அதை எறிந்துவிட வேண்டும். மேல்தோலில்தான் வாசம். அதை ஒன்றிரண்டாக இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க மூடி வைப்பேன். காலையில் வெள்ளைத் துணியில் வடித்து, சர்க்கரை போட்டு, விரலில் தொட்டால் பிசுபிசுக்கிற பதம் வரை காய்ச்சுவேன். கம்பிப் பதம் வந்தால் போச்சு, ஆறியதும் கல்கண்டு மாதிரி கட்டிக்கொள்ளும். இறக்கி நன்றாக ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. இந்தத் தடவை நாற்பது பழம். அப்போதுதான் பாகு கெடாமல் நிற்கும், தண்ணீர் கலந்தாலும் சப்பென்று இருக்காது. எல்லாவற்றையும் நான்கு எவர்சில்வர் தூக்குவாளிகளில் ஊற்றி மூடி வைத்திருந்தேன்.

நான்கு தூக்குகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு புனல். ஹால் மூலையில் இருந்த புதுப் பித்தளைக் குடத்தைக் காணோம்.

அந்தக் குடத்தை வாங்கி வந்த அன்றே எங்களுக்குள் பேச்சு நடந்தது. "எவர்சில்வர் தூக்குல சீர் கொண்டு போனா, வெறும் வாய மெல்லுற ஆளுகளுக்கு அவல் குடுத்த மாதிரி ஆயிரும் ராஜி. சீருன்னா பித்தளைலதான் போகணும்" என்றார் அவர். "பித்தளைக் குடத்தச் சும்மா அலங்காரத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. பாகு தூக்குலயே இருக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம், பதினெட்டு வருஷமாகத் தெரிந்தும் ஏமாந்தேன். நான் தூங்கிய பிறகு நான்கு தூக்கையும் குடத்தில் ஊற்றியிருக்கிறார்.

பித்தளையில் தண்ணீர் வைத்துக் குடிக்கலாம், ஒன்றும் செய்யாது. புளிப்பு வைத்தால் களிம்பு ஏறி விஷமாகிவிடும். மோரானாலும் சரி, புளியானாலும் சரி, எலுமிச்சையானாலும் சரி. அதற்குத்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள். இந்தக் குடத்துக்குப் பூசவில்லை. பூசித் தர ஒரு நாள் ஆகும் என்றார்களாம், அந்த ஒரு நாள் இவருக்குப் பொறுக்கவில்லை. வெறும் பித்தளையில் நாற்பது எலுமிச்சம்பழச் சாறு ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது. களிம்பு பச்சையாகத் தெரியும் என்பார்கள். நன்னாரிப் பாகின் கருஞ்சிவப்பில் எந்தப் பச்சை தெரியும்?

போன் போட்டேன். படுக்கையறையில் தலையணைக்கு அடியில் மணி அடித்தது. மகாராஜா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வேனில் போன என் ஓரகத்தி கவிதாவுக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வேனில் பாட்டை அலற விட்டிருப்பார்கள். செல்விக்கே போட்டுச் சொல்லலாம் என்றால், அவள் நம்பர் என்னிடம் இல்லை, அவர் போனிலும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். செல்வியின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் சிலருக்கு இலை கிடைக்காமல் போனது. அதில் ஆரம்பித்த பேச்சு, இரண்டு பக்கமும் வளர்ந்து, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஐந்து வருஷம். யாழினியை நான் பார்த்ததே இல்லை. இந்தக் காதுகுத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் முடியாது என்று பெரியவர்கள் நாலு பேர் பேசி, இப்போதுதான் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு ஐந்து வருஷம் கழித்து நாங்கள் கொண்டு போகும் முதல் பண்டம் இந்தச் சர்பத். அதை முதலில் குடிக்கப் போவது யார்? காது குத்தியதும் பிள்ளை வீரிட்டு அழும், அப்போது மாமன் கையால் வாயில் இனிப்பு கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் சர்க்கரையோ வாழைப்பழமோ கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "நான் சர்பத்துதான் குடுப்பேன். மொத டம்ளர் எம் மருமகளுக்கு" என்று.

மூன்று வயசு. எம்புட்டு வயிறு இருக்கும் அதுக்கு?

முதலில் வந்தது பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ். அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று செக்கானூரணியோடு திரும்பிவிடும் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டு அடுத்த பதினைந்து நிமிடமும் அதில் ஏறியிருக்கலாமோ என்று நின்ற இடத்தில் செத்தேன். எட்டு இருபதுக்குத் தேனி பஸ் வந்தது. உசிலம்பட்டிக்கு முப்பது ரூபாய் டிக்கெட்.

"அண்ணே, எத்தன மணிக்குப் போகும்?"

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "ஒம்போதரைக்குள்ள போயிரும்த்தா. என்ன, சாவா?"

"காதுகுத்து."

"அதுக்கா இப்பிடி மூஞ்சிய வச்சிருக்க?" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டார்.

ஜன்னலோரத்தில் ஜரீனா என்று ஒரு அம்மா. மதுரைக்குள் பழைய டவுனில் வீடு, தேனியில் மகள் வீட்டுக்குப் போகிறார். கூடையில் துணி சுற்றிய பாட்டில். வீட்டில் காய்ச்சிய ரோஜா சர்பத்தாம், பேரப்பிள்ளைகளுக்கு. நாகமலை புதுக்கோட்டை தாண்டும்போது நான் ஏழாவது தடவையாகக் கவிதாவுக்குப் போன் போடுவதைப் பார்த்து, "என்னம்மா, யாருக்கும் தபியத், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டேன். கேட்டு ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா! லெமனையா பித்தளைல ஊத்துனாங்க? எங்க சொந்தத்துல ஒரு நிக்காஹ்ல மோர இப்பிடித்தான் வச்சுட்டாங்கம்மா. பந்தி பாதிலயே எந்திரிச்சு வாசலுக்கு ஓடுச்சு. வாந்தி, வாந்தி, அப்பிடி ஒரு வாந்தி. பெரியவங்க தாங்கிட்டாங்க. பிள்ளைகளத்தான் ஆஸ்பத்திரில வச்சு ட்ரிப்ஸ் ஏத்துனாங்க."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் தன் பாட்டிலை எடுத்து, "ஒரு மடக்கு குடிங்கம்மா, நாக்கு வறண்டிருக்கு" என்று நீட்டினார். ரோஜா வாசம் குப்பென்று வந்தது. என்னால் முடியவில்லை. கலர் தண்ணீர் எதைப் பார்த்தாலும் விஷமாகத் தெரிந்தது.

செக்கானூரணிக்கு அப்பால் ரோட்டின் இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. உழுது போட்ட செம்மண், நடுநடுவே கருவேலம், தண்ணீர் இல்லாத ஒரு கண்மாய். அதற்குள் ஆடுகள் நின்றன. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மனசுக்குள் வேறு ஒன்று ஓடியது. நாளைக்குப் பேப்பரில் வரும், "காதுகுத்து விழாவில் சர்பத் குடித்தவர்கள் மயக்கம், தாய்மாமன் மனைவியிடம் விசாரணை." கீழே என் போட்டோ. ஐந்து வருஷம் பேசாமல் இருந்தவள் பிள்ளைக்கு விஷம் வைத்தாள் என்றுதானே ஊர் பேசும்? நான் பித்தளை, ஈயம், எலுமிச்சை என்று யாரிடம் போய் விளக்கம் சொல்வேன்?

கருமாத்தூரில் பஸ் நின்றது. எட்டிப் பார்த்தேன். ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு சீர் ஊர்வலம்! எங்களுடையது இல்லை, வேறு யாரோ ஒரு தாய்மாமன். முன்னால் உறுமி மேளம், அதற்குப் பின்னால் தலையில் தட்டோடு பெண்கள், கழுத்தில் ரூபாய் மாலை போட்ட ஆடு ஒன்று, எல்லாருக்கும் பின்னால் நாங்கள் ஒரு பஸ். சரவெடியைப் பத்தடிக்கு ஒரு தரம் கொளுத்தினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தால் ஆடுகிற பையன்கள் திரும்பி நின்று பஸ்ஸைப் பார்த்து ஆடினார்கள். "அண்ணே, எறங்கிச் சொல்லுங்களேன்" என்று கண்டக்டரிடம் கெஞ்சினேன். "சீர மறிக்கச் சொல்றியா? அடிதடி ஆயிரும்த்தா" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அந்த வெடிச் சத்தத்தில்தான் கவிதா போனை எடுத்தாள்.

"கவிதா! சர்பத்த யாருக்கும் குடுக்காத. எலுமிச்சை ஊத்துன பாகு, பித்தளைல களிம்பு ஏறிருக்கும். ஒடனே அவருகிட்டச் சொல்லு!"

அவள் மெல்லிய குரலில், "அக்கா, மூத்தாரு மணைல உக்காந்துட்டாக. மாலை போட்டாச்சு. சுத்தி செல்வி வீட்டு ஆளுக. நான் எப்பிடிக்கா சபைல ஏறிப் போயி அவுக காதுல பேசுறது?" என்றாள். கணவனின் அண்ணனை நேரே பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. காபி வேண்டுமா என்று கேட்பதாக இருந்தாலும் கதவைப் பார்த்துத்தான் கேட்பாள்.

"ஓம் புருசன்கிட்டச் சொல்லு."

"அவுக ஐஸ் வாங்கப் போயிருக்காக."

"அப்பச் செல்விகிட்டச் சொல்லுடி!"

"ஐயோ அக்கா, கொண்டு வந்த சீரு விசம்னு நான் வாயால சொல்லவா? கொலை விழுகும். இன்னொண்ணு, சீர எறக்கி வச்சதும் செல்விதான் அந்தக் குடத்தக் கட்டிப் பிடிச்சு உள்ள தூக்கிட்டுப் போச்சு. பந்தல்ல எல்லாரும் டம்ளர் டம்ளரா வாங்கிக் குடிச்சுக்கிட்டு இருக்காக." ஒரு பெருமூச்சு. "எனக்குப் பயமா இருக்குக்கா. நீங்களே வந்து சொல்லுங்க. பத்தேகாலுக்கு நேரம் குறிச்சிருக்காக, ஆசாரி ஊசியோட வந்துட்டாரு." வைத்துவிட்டாள்.

குடிக்கிறார்களாம். கவிதாவைத் திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஏறிப் போயிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜரீனாம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையும் வேர்த்திருந்தது. உசிலம்பட்டி வரும் வரை வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் இறங்கும்போது, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா யாருக்காச்சும் வயித்தப் பெரட்டுச்சுன்னா வீட்டு வைத்தியம் பாக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருங்க" என்றார்.

உசிலம்பட்டி, மணி பத்தாகப் பத்து நிமிடம். பஸ் ஸ்டாண்டில் தேங்காய் மூட்டைக்கும் ஆட்டுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தேன். எழுமலை ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றது, ஆள் நிறைந்தால்தான் கிளம்புமாம். "மொத்தமா நூத்தியம்பது தாரேன், இப்பவே எடுங்க" என்றேன். டிரைவர் போனில், "இந்தா வாரேன் மாப்ள, ஒரு சவாரி" என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தான்.

"கொஞ்சம் வெரசாப் போங்க தம்பி. பிள்ளைக்கு விசத்தக் குடுக்கப் போறாங்க."

தெரியாமல் சொல்லிவிட்டேன். வண்டி ஓரமாக நின்றுவிட்டது. "போலீசு கேசாக்கா? நான் வரல. போன மாசந்தான் ஒரு கேசுல சாட்சிக்கு அலைஞ்சேன்." அவனுக்கு நான் சர்பத் பாகு, நாற்பது எலுமிச்சம்பழம், ஈயம் எல்லாம் சொல்லி முடித்தபோது என் குரல் அழுகையாகிவிட்டது. அவன் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்லயும் பித்தளைக் குடம் இருக்குக்கா. எங்கம்மா அதுலதான் பானகம் கலக்குது" என்றான். பிறகு ஓட்டினான் பாருங்கள். அப்படி ஒரு ஓட்டு. "ஆனா வாசல்லயே எறக்கி விட்டுருவேன், உள்ள வர மாட்டேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

மகால் வாசலில் ஆளுயர பிளெக்ஸ். கூலிங் கிளாஸ் போட்ட என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு ஆள் தலையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓங்கரித்தார். போச்சு, ஆரம்பித்துவிட்டது!

"அண்ணே! என்ன செய்யுது? சர்பத்து குடிச்சீகளா?"

அவர் சிவந்த கண்ணைத் திறந்தார். "சர்பத்தா? நேத்து ராத்திரி குடிச்சதே இன்னும் எறங்கல தாயி."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பந்தலுக்குள் ஓடினேன். இரண்டு பக்கமும் பேப்பர் டம்ளரில் கருஞ்சிவப்பாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டையா மடக் மடக்கென்று விழுங்கி, "இன்னொண்ணு ஊத்துப்பா" என்று நீட்டினார். பெண்கள், பிள்ளைகள், யார் முகத்தைப் பார்ப்பது? மேடையில் கொட்டுச் சத்தம் ஏறியது. அதையும் மீறி ஒரு பிள்ளையின் அலறல். குத்திவிட்டார்கள்.

மேடையில் என் வீட்டுக்காரர் மடியில் ஒரு குட்டிப் பெண், பச்சைப் பட்டுப் பாவாடை, மொட்டைத் தலையில் சந்தனம். அழுது அழுது முகம் முழுக்க ஈரம். அவர் கையில் வெள்ளி டம்ளர். "இந்தாடா தங்கம், மாமன் சர்பத்து, குடி குடி" என்று வாய்க்கருகில் கொண்டு போகிறார். "ஏங்க!" என்று கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. எப்படி ஏறினேன், யாரை மிதித்தேன் என்று தெரியாது. ஓங்கித் தட்டினேன். டம்ளர் பறந்து போய் ஆசாரியின் தட்டில் விழுந்தது. பிள்ளையின் பாவாடை முழுக்கச் சர்பத்.

கொட்டு நின்றது. சபையில் மாமன் கொடுத்த முதல் இனிப்பைத் தட்டிவிடுவது எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று எனக்குத் தெரியும். செல்வி வீட்டுக்காரரின் அண்ணன்மார் மூன்று பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். என் வீட்டுக்காரர் என்னை, பார்த்தே இராத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சொல்ல வேண்டும். "அது... அது வந்து..." என்பதற்கு மேல் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து செல்வியின் குரல் கணீரென்று வந்தது. "டம்ளர்ல ஈ விழுந்துருச்சு! நல்ல வேளை, மதினி பாத்துட்டாக. ஏய், கொட்ட அடிங்கப்பா, ஏன் நிறுத்துனீங்க?"

கொட்டு மறுபடி ஆரம்பித்தது. எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆசாரி மறு காதுக்காகத் தட்டிலிருந்து ஊசியை எடுத்துத் துடைத்தார். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னைத் தொடுகிறாள். பிடி இரும்பாக இருந்தது.

சமையல்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் பித்தளைக் குடம், மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. செல்வி சாக்கை எடுத்துக் காட்டினாள். வந்தது வந்தபடி, கழுத்து வரை பாகு.

"இதுலருந்து ஒரு சொட்டுக்கூட வெளிய போகல மதினி. வெளிய ஊத்துறது வாரவுகளுக்குன்னு நேத்தே நான் காச்சி வச்ச பானகப் பாகு. புளி, நாட்டுச் சக்கரை, சுக்கு, ஏலக்கா. பாக்க ஒரே கலரு. மாமன் சர்பத்துன்னு நெனச்சுத்தான் அம்புட்டுப் பேரும் குடிக்கிறாக. அண்ணனுக்கும் தெரியாது. பாப்பாவுக்கு அவரு கைல குடுத்ததும் அதுதான்."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. பட்டுப் புடவையின் முந்தானை நனைந்திருந்தது.

"குடிச்சுப் பாத்தேன். சீர எறக்குனதும் மொத வேலையா அரை டம்ளர் கலக்கிக் குடிச்சேன். காசைச் சப்புன மாதிரி இருந்துச்சு. அப்புறம் பின்னால போயி ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். இப்பப் பரவால்ல."

"அதையா குடிச்ச? ஐயோ செல்வி, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வா..."

"பாப்பா காதுகுத்து முடியட்டும், போவோம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏன் குடிச்சேன்னு கேளுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஒங்க மேல எனக்குப் பயம் மதினி. அஞ்சு வருசம் பேசாத வீட்டுலருந்து வந்துருக்கு, எம் பிள்ளை வாயில ஊத்துறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்னு தோணுச்சு. குடிச்சதும் ஒரு நிமிசம், வேணும்னே செஞ்சுட்டீகளோன்னுகூட நெனச்சேன். அப்புறம் குடத்துக்குள்ள வெரல விட்டுத் தடவுனேன். ஈயம் இல்ல. எங்க அண்ணன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. அதச் சபைல சொன்னா எங்க வீட்டுக்காரரோட அண்ணன்மாரு அவரத் தலையெடுக்க விட மாட்டாக. அதான் மூடி வச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபம் வரவில்லை. என்னை அவள் நம்பியிருந்தால், முதல் மடக்கு அந்தப் பிள்ளை வயிற்றுக்குப் போயிருக்கும். "நீ பயந்தது நல்லது செல்வி, நல்லது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவளும் அழுதாள். உள்ளே சாம்பார் வாளி எடுக்க வந்த சமையல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, எந்தச் சாவுக்கு அழுகிறோமோ என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

மதியம் யாரிடமும் சொல்லாமல் செல்வியை உசிலம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பார்த்துவிட்டு, ஊசி ஒன்று போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், ராத்திரி மறுபடி பிரட்டினால் உடனே வரச் சொன்னார். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் குடத்தைப் பின்பக்கம் தூக்கிப் போய், வேலி ஓரமாகக் குழி வெட்டி ஊற்றினோம். மூன்று நாள் வேலை, நாற்பது பழம். ஊற்றும்போது நன்னாரி வாசம் அம்புட்டு நன்றாக இருந்தது. உள்ளே பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்து விளக்கியதுபோலப் பளபளவென்று செக்கச் சிவப்பாக இருந்தது. கழுத்தில் பாகு தொட்ட இடத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு. யாழினி பாவாடை மாற்றிக்கொண்டு வந்து, காதைத் தொடாமல் தலையைச் சாய்த்து வைத்தபடி, "நீ ஏன் தட்டி விட்ட?" என்று கேட்டாள். "ஈ விழுந்துச்சு" என்றேன். "ஈ எங்க?" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உசிலம்பட்டியில் மதுரை பஸ். வேன் முன்னால் போய்விட்டது. என் வீட்டுக்காரர் என்னோடு பஸ்ஸில் ஏறினார். செல்வி கிளம்பும்போது அவள் நம்பரை என் போனில் அவளே பதிந்து கொடுத்தாள், கையில் ஒரு பாட்டில் பானகமும் கொடுத்தாள். கருமாத்தூர் வரை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தங்கை வாந்தி எடுத்தாள் என்ற இடத்தில் அவர் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வெயில் தாழ்ந்து, காட்டில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நாகமலை தெரிந்தபோதுதான் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

பாட்டிலை எடுத்தேன். அவர் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் காலையில் எனக்கு இருந்த அதே பயம். "இரு ராஜி, இரு. எதுல கலந்துச்சோ. மொத நான் ஒரு மடக்கு குடிச்சுப் பாக்குறேன்."

"கைய எடுங்க" என்றேன்.

மூடியைத் திறந்தேன். மோந்து பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக அவள் வீட்டுத் தண்ணீர்கூட என் வாயில் பட்டதில்லை. அண்ணாந்து, பாதிப் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தேன்.